கோலம் மாறிய கிங்ஸ்நேக் குட்டியைச் சாப்பிட வைத்த கதை

கலிஃபோர்னியா கிங்ஸ்நேக் என்ற பாம்பு பெரும்பாலும் இரண்டு கோலங்களில்தான் வரும். கறுப்பு அல்லது பழுப்பு உடம்பில் வெளிர் வளையங்கள் இருக்கும். இல்லையென்றால் முதுகு நெடுக ஒரே கோடு. என்னிடம் வந்த குட்டி இரண்டிலும் சேராது. கழுத்தில் கோடாகத் தொடங்கி, நடு உடம்பில் அறுந்து புள்ளிகளாகச் சிதறி, வால் பக்கம் மறுபடி வளையமாகிவிடும். கோடு போட்டதும் வளையம் போட்டதும் வேறு வேறு இனம் என்றே ஒரு காலத்தில் எழுதி வைத்திருந்தார்கள். ஒரே தாயின் முட்டைகளிலிருந்து இரண்டும் பொரிந்து வருவதை பாம்பு ஆய்வாளர் லாரன்ஸ் கிளாபர் 1930களில் எடுத்துக்காட்டிய பிறகுதான் அந்தக் குழப்பம் தீர்ந்தது. என் குட்டி இரண்டுக்கும் நடுவில் நிற்பது. அந்த அழகுக்காகத்தான் வாங்கினேன், அதில் ஒளிக்க ஒன்றுமில்லை.

ராஜநாகத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இதற்கு விஷம் கிடையாது, இரையைச் சுற்றி நெரித்துக் கொல்லும். பாம்பு வளர்க்க எல்லா ஊரிலும் அனுமதி கிடையாது, அதனால் சட்டத்தை முதலில் பார்த்துக்கொண்டேன். அப்புறம் பெட்டி. பாதி அடிப்பகுதிக்கு மட்டும் ஹீட் மேட், அதாவது சூடு தரும் விரிப்பு, அதைக் கட்டுப்படுத்த தெர்மோஸ்டாட். சூடான பக்கம் 30 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த பக்கம் 24. இரண்டு பக்கமும் ஒளிந்துகொள்ள ஒவ்வோர் இடம். மூடிக்குக் கண்டிப்பாகப் பூட்டு வேண்டும். தலை நுழைகிற இடைவெளி இருந்தால் போதும், மிச்ச உடம்பும் வெளியே போய்விடும்.

இத்தனையும் சரியாக இருந்தும் குட்டி சாப்பிடவில்லை. உறைந்திருந்ததை இளக்கிச் சூடாக்கிய பிங்கியை, அதாவது முடி முளைக்காத எலிக்குஞ்சை, இடுக்கியில் நீட்டினால் பின்வாங்கி வாலைப் படபடவென்று அடிக்கும். எனக்கு விற்றவர் கையில் அது சாப்பிட்டுக்கொண்டிருந்த குட்டிதான். புது இடம் என்ற பயம் இருக்கும் என்று பெட்டியின் பக்கங்களைக் காகிதத்தால் மறைத்து, தண்ணீர் மாற்றுவதைத் தவிர எதற்கும் கை வைக்காமல் விட்டேன். வாரம் ஒருமுறை கிராம் தராசில் எடை மட்டும் பார்த்தேன். எடை இறங்கிக்கொண்டே போனால் உடனே ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். எடை நின்ற இடத்திலேயே நின்றதால் எனக்குப் பொறுமையாக இருக்க முடிந்தது.

அடுத்ததாக, மூச்சு போகத் துளையிட்ட சின்ன டப்பாவில் பிங்கியையும் குட்டியையும் சேர்த்து இரவு முழுக்க இருட்டில் வைத்தேன். காலையில் பிங்கி அப்படியே கிடந்தது.

வழி கிடைத்தது வாசனையில்தான். காட்டில் கிங்ஸ்நேக் குட்டிகளுக்குப் பல்லி, ஓணான் வகைகள் முக்கியமான இரை. வளர்ந்தவை மற்ற பாம்புகளையே தின்னும். கிலுகிலுப்பைப் பாம்பின் விஷத்தைத் தாங்கும் சக்தியும் அவற்றுக்கு உண்டு. எலி வாசனை பிடிபடாத குட்டிக்குப் பாம்பு வாசனை பிடிக்கலாம் இல்லையா? நண்பர் வளர்க்கும் ஆரோக்கியமான கார்ன் ஸ்நேக் என்ற பாம்பு உரித்த சட்டையை வாங்கி, உண்ணிப் பயத்துக்காக சில நாள் உறைபெட்டியில் வைத்து எடுத்தேன். அதை ஈரமாக்கி பிங்கியின் தலையில் நன்றாகத் தேய்த்து, ஒளிவிடத்தின் வாசலில் வைத்துவிட்டு விலகி நின்றேன்.

நாக்கு வேகவேகமாக வந்து போனது. திடீரென்று நின்றது. கழுத்து வளைந்தது, அடுத்த நொடி பிங்கி வாயில். செத்த இரைதான், ஆனாலும் ஸ்பிரிங் மாதிரி வரிசையாகச் சுருண்டு இறுக்கியது. இதே அளவுள்ள எலிப்பாம்புகளைவிட கிங்ஸ்நேக்குகள் அதிக அழுத்தத்தில் இறுக்குகின்றன என்று 2017இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. விரல் தடிமன்கூட இல்லாத குட்டியிடமே அந்தத் தீவிரத்தைப் பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது.

அதன்பின் ஒவ்வொரு முறையும் சட்டை தேய்ப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். வெறும் பிங்கியை எடுத்துக்கொள்ளும் நிலைக்கு வந்த கொஞ்ச நாளில் கண் பால்போல வெளுத்து மறுபடி சாப்பாட்டை நிறுத்தியது. இந்த முறை பயமில்லை, சட்டை உரிக்கப் போகிறது என்று தெரிந்தது. ஈரப் பாசி நிரப்பிய டப்பா ஒன்றை உள்ளே வைத்தேன். கண்ணை மூடியிருக்கும் மெல்லிய தோலோடு சட்டை முழுசாகக் கழன்றது. அறுந்த கோடும் புள்ளிகளும் அதிலும் மங்கலாகத் தெரிந்தன.

சாப்பிட்டபின் இரண்டு நாள் கையில் எடுப்பதில்லை, எடுத்தால் கக்கிவிடலாம். ஜோடியாக வளர்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் கூடவே கூடாது என்பதுதான், ஒன்று மற்றதைத் தின்றுவிடும். வாங்கப் போகிறவர்கள் கோலத்தை ஆசை தீரப் பாருங்கள், ஆனால் குட்டி உங்கள் கண்ணெதிரே ஒருமுறை சாப்பிட்டதைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். நன்றாகப் பார்த்துக்கொண்டால் இருபது வருடம்கூட உங்களோடு இருக்கக்கூடிய உயிர் இது.