பூப்பதற்கு முன் பிடுங்க வேண்டிய செடி

எங்கள் வீட்டுக்குக் கிழக்கே ஒரு காலி சைட் இருக்கிறது. கோவையின் புறநகரில் முன்பு சோளக்காடாக இருந்து, பின்னர் மனைகளாகப் பிரிக்கப்பட்ட நிலம் அது. ஜேசிபி வைத்து மண்ணைப் புரட்டிப் போட்ட பிறகு பெய்த முதல் மழையில் அங்கே முளைத்தது புல்லோ துத்தியோ அல்ல, பார்த்தீனியம்தான். கிளறி வெறுமையாக விடப்பட்ட மண் அதற்கு மிகவும் உகந்தது. ஆடு மாடுகள் அதை ஒதுக்கிவிட்டுச் சுற்றியுள்ள புல்லை மட்டும் மேய்ந்ததால், போட்டிக்கு வேறு செடியே இல்லாமல் இடுப்பளவு வளர்ந்து, பொடிப்பொடியாக வெள்ளைப் பூக்கள் பூத்து நின்றது. அப்போது நாங்கள் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

மூன்றாம் ஆண்டு ஐப்பசியில் அம்மாவுக்குக் கண்ணிமைகள் தடித்துச் சிவந்தன. பிறகு கழுத்திலும் முழங்கையின் உட்புற மடிப்பிலும் அரிப்பு தொடங்கியது. சோப்பை மாற்றினோம், வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினோம், இரண்டு மாதங்கள் வீணாயின. தோல் மருத்துவர், ஒவ்வாமை தரக்கூடிய பொருள்கள் தடவிய சிறு பட்டைகளை அம்மாவின் முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்தபோதுதான் காரணம் பார்த்தீனியம் என்று தெரிந்தது. செடியின் தண்டிலும் இலையிலும் உள்ள நுண்ணிய மயிர்களில் பார்த்தெனின் என்னும் வேதிப்பொருள் இருக்கிறது. உலர்ந்த செடி நொறுங்கித் தூளாகிக் காற்றில் பறந்து வந்து, ஆடை மூடாத இடங்களில் படிகிறது. ஆகவே செடியைத் தொட்டால்தான் பாதிப்பு வரும் என்பதில்லை. ஆண்டுக்கணக்கில் ஒன்றும் செய்யாமல் இருந்த உடல் ஒரு நாள் ஒவ்வாமை கொண்டுவிட்டால், அதன் பிறகு சிறிதளவு தூள் பட்டாலும் போதும். சிலருக்கு அதன் மகரந்தம் தும்மலையும் மூச்சிரைப்பையும் உண்டாக்குகிறது.

அம்மாவை அதிகம் வருத்தியது வேறொன்று. செவ்வந்தியும் பார்த்தீனியமும் ஒரே குடும்பத்துச் செடிகள் என்பதால், பார்த்தீனிய ஒவ்வாமை உள்ளவர்களில் பலருக்குச் செவ்வந்தியும் ஒத்துக்கொள்வதில்லை. வெள்ளிக்கிழமைதோறும் தன் கையால் செவ்வந்தி தொடுத்துச் சாமிக்குச் சாத்தியவர், இப்போது நந்தியாவட்டை மட்டுமே பறிக்கிறார்.

அதன் பின் நாங்கள் செய்த பெரிய தவறு, அவசரப்பட்டதுதான். மனை உரிமையாளர் வெளியூரில் இருக்கிறார். பலமுறை அழைத்துச் சொன்ன பிறகு அவர் ஆள் அனுப்பினார். வந்தவர், செடிகள் முழுவதும் பூத்திருந்த நேரத்தில், கைமெஷினால் ஒரே காலைப்பொழுதில் அத்தனையையும் வெட்டிச் சாய்த்தார். தெரு முழுவதும் தூள் பறந்தது. அன்று மாலையே அம்மாவின் கண்கள் திறக்க முடியாத அளவுக்கு வீங்கிவிட்டன. வேர் மண்ணிலேயே இருந்ததால், சில வாரங்களில் அடிக்கட்டையிலிருந்து மீண்டும் தழைத்தது; கொட்டிய விதைகள் அடுத்த மழைக்கு முளைத்தன. ஒரு செடி 15,000 முதல் 25,000 விதைகள் வரை உதிர்க்கும் என்பதையும், முளைத்த ஐந்தாறு வாரங்களிலேயே பூத்துவிடும் என்பதையும் அன்று அறிந்திருந்தால் அந்த மெஷினை நிறுத்தியிருப்பேன்.

வெள்ளைப் பூவைக் கண்ட பிறகுதான் நாம் இச்செடியை அடையாளம் காண்கிறோம். அதற்குள் காலம் கடந்துவிடுகிறது. இளஞ்செடியின் தோற்றத்தைப் பழகிக்கொள்ள வேண்டும். அப்போது அது உயரமாக நிற்காது. கேரட் இலை போல ஆழமாகப் பிளவுபட்ட இலைகளை வட்டமாகத் தரையோடு தரையாக விரித்துப் படுத்திருக்கும். அந்தப் பருவத்தில், மழை பெய்த மறுநாள், மண் இளகியிருக்கும்போது இழுத்தால் ஆணிவேரோடு வந்துவிடும். முழுக்கைச் சட்டை, ரப்பர் கையுறை, முகக்கவசம் மூன்றும் கட்டாயம். ஒவ்வாமை உள்ளவர்கள் அந்தப் பக்கமே வரக்கூடாது. பூக்காத செடிகளை எருக்குழியில் போடலாம். பூத்துவிட்டவற்றை உதறாமல் சாக்கில் திணித்து, வாயைக் கட்டி, மட்கும் வரை ஓரமாக வைத்துவிடுகிறோம். எரிப்பதில்லை, அந்தப் புகையை அம்மாவால் தாங்க முடியாது.

கையால் பிடுங்க முடியாத சுவரோரங்களில், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் சமையல் உப்பும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து, வெயில் நேரத்தில் தெளிக்கிறோம். இது பரவலாகப் பரிந்துரைக்கப்படும் முறைதான். ஆயினும் உப்பு மண்ணைக் கெடுக்கும் என்பதால், தென்னைக்கும் முருங்கைக்கும் அருகில் அதைத் தெளிக்க நான் ஒருபோதும் ஒப்பமாட்டேன்.

இந்தியாவில் 1955இல் புனேயில் இச்செடி கவனத்துக்கு வந்தது. நாட்டின் பெரும்பகுதியில் அது பரவிவிட்ட நிலையில், இதன் இலைகளைத் தின்னும் ஒரு வண்டை மெக்சிகோவிலிருந்து தருவித்து 1984இல் பெங்களூரில் விடுவித்தார்கள். வெண்ணிற முதுகில் கருநிற வளைகோடுகள் கொண்ட அந்த வண்டு சென்ற ஆவணியில் எங்கள் சைட்டுக்கும் வந்து, சில செடிகளை நரம்பு மட்டும் மிஞ்சத் தின்றிருந்தது. பார்த்து உண்மையாகவே மகிழ்ந்தேன். ஆனால் வறண்ட மாதங்களில் அது மண்ணுக்குள் ஒடுங்கிவிடும் என்பதால், அதை மட்டும் நம்பியிருக்க முடியாது.

பிடுங்கிய இடத்தை வெறுமையாக விடுவதும் பயனற்றது. ஆவாரை, கொழிஞ்சி, துத்தி ஆகியவற்றின் விதைகளை, உரிமையாளரின் ஒப்புதலோடு, இரண்டு ஆண்டுகளாகத் தூவி வருகிறோம். வடபுறம் ஆவாரை அடர்ந்த இடத்தில் பார்த்தீனியம் மிகவும் அரிதாகிவிட்டது. மண்ணில் கிடக்கும் பழைய விதைகள் பல ஆண்டுகள் உயிரோடு இருக்கக்கூடியவை என்பதால், மழைக்குப் பின் வரும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தெருவிலிருந்து நான்கைந்து பேர் இறங்கிப் பிடுங்குகிறோம். முதல் முறை 11 சாக்குகள் நிறைந்தன. சென்ற வாரம் ஒரு சாக்குகூட நிறையவில்லை. தென்மூலையில் புதிதாக ஒருவர் வீடு கட்ட மண் கொட்டியிருக்கிறார். இந்த மழைக்கு அதிலிருந்து என்ன முளைக்கிறது என்று பார்க்க வேண்டும்.