வன்கூவரில் மழையா?

வினிபெக்கில் எங்கள் அலுவலகத்துக்கு வெளியே பனி முழங்கால் வரை கிடக்கும். ஆனால் காலையில் வந்து கோட்டைக் கழற்றியதும் எல்லோரும் கேட்பது, "வன்கூவரில் மழையா?" என்றுதான். இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் பெய்யும் மழையில் இவர்களுக்கு என்ன அக்கறை என்று முதல் வாரம் எனக்கு விளங்கவில்லை. அது 2013 இலையுதிர் காலம். தானியம் ஏற்றுமதி செய்யும் ஒரு கொம்பனியில், எந்த ஊர்க் களஞ்சியத்திலிருந்து எத்தனை ரயில் பெட்டி எப்போது புறப்பட வேண்டும் என்று கணக்குப் பார்ப்பது என் வேலை. யாழ்ப்பாணத்தில் அம்மா தேங்காய்ப்பால் விட்டுக் காய்ச்சிய மைசூர் பருப்பில் நிறையக் கனடாவில் விளைந்தது என்பதே அந்த மேசைக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

சரி, மழைக்கு வருகிறேன். எங்கள் தானியம் வன்கூவர் துறைமுகத்தில்தான் கப்பல் ஏறும். ஏற்றும்போது பொதுவாகக் கப்பலின் மூடிகள் திறந்திருக்கும். ஈரம் பட்டால் சரக்குக் கெட்டுவிடும் என்பதால் மழை தொடங்கியதும் பெரும்பாலும் மூடிவிடுவார்கள். கப்பலில் ஏற்றுவது நின்றால் துறைமுகக் களஞ்சியம் காலியாகாது. அது காலியாகாவிட்டால் மலை தாண்டி வந்த ரயிலை இறக்க இடமில்லை. அந்தப் பெட்டிகள் திரும்பி வராவிட்டால் உள்ளூர்க் களஞ்சியம் நிறைந்துவிடும், சஸ்காச்சுவன் மாகாணத்தில் ஒரு விவசாயி தானியம் கொண்டுவர லொறியை எடுக்க முடியாது.

60,000 தொன் கப்பல் ஒன்றுக்குச் சுமார் 650 பெட்டி கோதுமை வேண்டும். நூறு பெட்டிக்கு மேல் கோத்த ரயில்கள் ஆறு. அதுவும் கையில் கிடைத்த கோதுமை போதாது, வாங்குகிறவர் கேட்ட தரமும் புரதமும் இருக்க வேண்டும். வேண்டிய கோதுமை மலைக்கு அந்தப் பக்கம் நிற்க, வேண்டாதது முதலில் வந்து சேரும். கப்பல் வன்கூவருக்கு வெளியே இங்கிலிஷ் பே குடாவில் நங்கூரம் போட்டுக் கிடக்கும். ஒவ்வொரு நாளுக்கும் டெமரேஜ், அதாவது கப்பலைக் காக்கவைப்பதற்கான தாமதக் கட்டணம், ஏறும்.

அந்த வருடம் மேற்குக் கனடாவில் அதுவரை காணாத விளைச்சல். விவசாயிகளின் கோதுமையை விற்றுவந்த கனடியக் கோதுமைச் சபையின் ஏகபோகம் 2012 ஓகஸ்ட்டில் முடிந்த பிறகு வந்த இரண்டாவது அறுவடை அது. எல்லாருக்குமாகச் சபையே விற்ற காலம் போய், ஒவ்வொரு கொம்பனியும் தன் கோதுமைக்குத் தானே பெட்டி தேடியது. அப்புறம் குளிர் வந்தது. மைனஸ் 25 பாகைக்குக் கீழே போனால் ரயிலின் காற்று பிரேக்கில் கசிவு கூடிவிடும், கடைசிப் பெட்டி வரை அழுத்தம் போய்ச் சேராது. அதனால் ரயிலின் நீளத்தைக் குறைப்பார்கள். அதே தானியத்துக்குக் கூடுதல் ரயில், கூடுதல் எஞ்சின், கூடுதல் ஆட்கள். அவை இருக்கவில்லை.

ஜனவரியில் கோதுமையை எடுப்பதாக ஒரு விவசாயியோடு எங்களுக்கு ஒப்பந்தம். பெப்ரவரிக்கு மாற்றினோம். பிறகு மார்ச். கிழமைக்கு ஒரு தடவை போன் எடுப்பார், ஒரு நாளும் சத்தம் போட்டதில்லை. "பெட்டி ஏதும் வருகிறதா?" என்பார். வங்கிக் கடன் தவணை வந்துவிட்டது என்று ஒரே ஒரு முறை சொன்னார். அவரிடம் விற்காத கனோலா என்ற எண்ணெய் வித்தும் கிடந்தது. தினமும் இரும்புக் களஞ்சியத்தின் ஏணியில் ஏறி, அந்த வித்துக்குள் கையை விட்டுச் சூடு ஏறுகிறதா என்று பார்ப்பாராம். ஒரு மணம் வந்தால் போச்சு என்றார்.

வன்கூவர் விலைக்கும் அவர் ஊரில் கொடுத்த விலைக்கும் இடையே இருந்த வெளி அந்தக் குளிர்காலத்தில் அகன்றுகொண்டே போனது. அந்த விலைகள் என் திரையிலேயே இருந்தன. ரயிலுக்குக் கட்டணம், கப்பலுக்கு டெமரேஜ், கொம்பனிக்கு லாபம். தாமதத்தின் செலவை இன்னொருவர் தலையில் போட வழியில்லாதவர் அவர் ஒருவர்தான். ரயில்கள் எப்போது ஓடும் என்று நாங்கள் பேசிய எந்தக் கூட்டத்திலும் அவர் இருந்ததில்லை. எனக்கு அது இன்றைக்கும் நியாயமாகப் படவில்லை. மார்ச் 2014இல் அரசு தலையிட்டு, இரண்டு ரயில் கொம்பனிகளும் கிழமைக்கு 5 இலட்சம் தொன் வீதம் ஏற்ற வேண்டும் என்று உத்தரவு போட்டது.

அவருடைய முறை ஜூனில்தான் வந்தது. வயலில் வேலை குவிந்து கிடந்த நேரத்தில் அந்த வேலையைப் போட்டுவிட்டு, பழைய கோதுமையை லொறியில் கொண்டுவந்து கொட்டினார்.

மூன்று கிழமை கழித்து மறுபடி அழைத்தார். தன் கோதுமை எந்தக் கப்பலில் போனது என்று அறிய வேண்டுமாம். துறைமுகத்தில் தரம் பிரித்து எல்லாருடையதையும் ஒன்றாகக் கொட்டிவிடுவார்கள், பிறகு யாருடையது எது என்று சொல்ல முடியாது என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அந்தத் தரத்தில் அந்தக் கிழமை ஏற்றிய மூன்று கப்பல்களின் பெயரையும், அவை போகும் துறைமுகங்களையும் பார்த்து வாசித்தேன்.

"மெதுவாகச் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்" என்றார்.