சர்ச் ஹாலுக்கு ஜிஎஸ்டி பதிவு வாங்கின கதைங்க

கோபி பக்கம் எங்க சர்ச் காம்பவுண்டுக்குள்ளயே ஒரு ஹால் இருக்குதுங்க, ஒரு நாள் வாடகை 12,000 ரூபா. திருப்பூர் பனியன் கம்பெனிக்காரங்க மீட்டிங்குக்கு எடுத்துட்டு, ஜிஎஸ்டி பில்லு குடுங்கன்னு கேட்டாங்க, அதுல கிளம்புனதுங்க எல்லாம்.

கமிட்டியில ஒரே சத்தம். ஆராதனை நடக்கற எடத்துக்கு வரியா, அரசியல் சட்டத்துல மதச் சுதந்திரம் பத்தின 25, 26, 27 பிரிவு எல்லாம் எதுக்குங்க இருக்குதுன்னு பெரியவர் ஒருத்தர் எந்திரிச்சே நின்னுட்டாரு. எனக்கும் அப்ப அவரு பேசுனது நாயமாத்தான் பட்டுச்சு. ஈரோட்டு ஆடிட்டர்தான் பொறுமையா சொன்னாரு, ஏனுங்கய்யா, 27 சொல்றது ஒரு மதத்த வளக்கறதுக்குன்னே வசூல் பண்ற வரியத்தான், சர்ச்சுக்கு எந்த வரியுமே கெடையாதுன்னு அதுல இல்லீங்க, கோயில் மண்டபமோ தர்கா ஹாலோ நம்ம ஹாலோ எல்லாத்துக்கும் ஒரே ரூல்தானுங்கன்னு.

அந்த ரூல் 2017 ஜூன் 28 தேதி போட்ட 12/2017 நோட்டிபிகேஷன்ல இருக்குது. கல்யாண ஆராதனை, ஞானஸ்நானம் மாதிரி மதச் சடங்குக்கு வாங்குற கட்டணத்துக்கு வரி இல்ல. ரூம் வாடகை நாளைக்கு 1,000 ரூபாய்க்குள்ள, ஹால் 10,000க்குள்ள, கடை மாசத்துக்கு 10,000க்குள்ள இருந்தா அதுக்கும் இல்ல, ஆனா அந்த டிரஸ்ட் வருமான வரிச் சட்டத்துல தர்ம, மத டிரஸ்ட்டுன்னு பதிவாகி இருக்கோணும். நம்முளுது 12,000, அதனால 18 சதவீதம். ஆக சர்ச்சுக்குள்ள தாலி கட்டுனா வரி இல்ல, அதே குடும்பம் பக்கத்து ஹால்ல ரிசப்ஷன் வெச்சா வரி.

காணிக்கைக்கு எதுவும் இல்லீங்க. அன்பளிப்புன்னு டியூப்லைட்டுல, பேன் றெக்கையில எல்லாம் பேரு எழுதியிருக்குமே, அது விளம்பரம்னு சொல்லி வரி கேப்பாங்களோன்னு பொருளாளருக்கு தூக்கமே இல்ல. அதுக்கும் 2019 அக்டோபர்ல சர்க்குலர் இருக்குதாம், தொழில் விளம்பரமா இல்லாம குடுத்தவரு பேரு மட்டும் இருந்தா வரி வராது. அறுப்பின் பண்டிகை ஏலத்துல போற நாட்டுக்கோழி, தேங்கா, காய்கறிக்கும் வரி சைபர்.

சரி, நம்ம ஹால் வருமானம் வருசத்துக்கு 20 லட்சத்த தொடவே தொடாது, பதிவே வேண்டாமேன்னு நெனச்சோம். அங்கதான் சிக்கல். எடம் டயோசிஸ், அதாவது ஆயர் மண்டல டிரஸ்ட் பேருல இருக்குது, பான் கார்டு அவங்களுது, அந்த பான்ல வர்ற மொத்தத்தையும் கூட்டித்தான் பாப்பாங்க, வரி விலக்கான பள்ளிக்கூட பீஸ் உட்பட. அவங்களுக்கு ஏற்கனவே ஜிஎஸ்டி நம்பர் இருந்துச்சு, அதுல எங்க ஹால கூடுதல் தொழில் இடம்னு சேக்கோணும், அவ்வளவுதான். ஆனா ஓடிபி போறது டயோசிஸ்ல கையெழுத்து அதிகாரம் உள்ளவரு போனுக்கு. அவரு மீட்டிங்ல இருப்பாரு, இல்லீன்னா பஸ்ல இருப்பாரு, ஓடிபி காலாவதியாயிரும், மறுபடி மொதல்ல இருந்து.

அப்புறம் ஹால் முகவரிக்கு ஆதாரமா வெச்ச கரண்ட் பில்லு. அது எப்பவோ இருந்த ஆயர் ஒருத்தரு பேருல ஓடிட்டு இருக்குது, அவரு காலமாகி வருசம் ஆச்சு. ஆபீசர் விளக்கம் கேட்டு நோட்டீஸ் போட்டுட்டாரு, ஏழு வேலை நாளுக்குள்ள பதில் சொல்லோணும். சொத்து வரி ரசீது டிரஸ்ட் பேருல இருந்ததால தப்பிச்சோம், அதோட ஒரு கடுதாசியும் வெச்சோம், ஓகே ஆயிருச்சு. உங்க ஊர்லயும் பழைய சர்ச்சா இருந்தா மொதல்ல ஈபி கார்டுல யாரு பேருன்னு எடுத்துப் பாத்துருங்க.

எனக்கு மதச் சுதந்திரம் போயிருச்சுன்னெல்லாம் தோணலீங்க, கம்பெனி மீட்டிங்குக்கு வாடகைக்கு விட்டா வரி வரத்தான் செய்யும். கடுப்பெல்லாம் அந்த 10,000 ரூபா வரம்பு மேலதான், 2017ல போட்டது, மாத்தவே இல்ல, நடுவுல பந்தல்காரர் கூலி, டீசல்னு எல்லாமே எங்கியோ போயிருச்சு.

இப்ப கமிட்டியில வாடகைய 9,900 ஆக்கிட்டு கிளீனிங், கரண்டுன்னு தனியா வாங்கிக்கலாம்னு ஒரு கோஷ்டி. எல்லாத்தையும் சேத்துத்தான் கணக்குப் போடுவாங்கன்னு ஆடிட்டர் சொல்லியும் கேக்கல, அடுத்த மாசக் கூட்டத்துல ஓட்டெடுப்பாம்.