டி.வி. இல்லாத வீட்டுக்கு அத்தை வந்தபின்

10 ஜூன் 2024, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. மகள் மூன்றாம் வகுப்பு. மாமனார் காலமானபின் அத்தை உடன்குடியில் தனியாக இருக்க வேண்டாம் என்று பேசி முடிவெடுத்து, போன வாரம்தான் பாளையங்கோட்டைக்குக் கூட்டி வந்தோம்.

எங்கள் வீட்டில் டி.வி. கிடையாது. கல்யாணமான புதிதில் வாங்கக் காசில்லை. மகள் பிறந்தபிறகு வேண்டாமென்றே இருந்துவிட்டோம். சின்னவனுக்கு இரண்டு முடிந்து மூன்று நடக்கிறது. ஒரு வயதுக்குள் திரையே கூடாது, இரண்டிலிருந்து நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. நான் அந்த ஒரு மணி நேரத்தையும் கொடுக்கவில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை. சாப்பிடும்போது தட்டைப் பார்த்துச் சாப்பிடுகிறான், கேட்டதற்குப் பதில் சொல்கிறான்.

ஆனால் அத்தையை நினைத்தால்தான் யோசனையாக இருக்கிறது. சாயங்காலம் ஆறரை ஆனால் முன்னறைக்கு வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். கை சும்மா இருக்கிறது.

16 ஜூன் 2024, ஞாயிறு

ஊர் வீட்டில் இருந்தது அரசு கொடுத்த 14 அங்குல கலர் டி.வி. 2006 தேர்தலில் வாக்குக் கொடுத்து, அந்த வருஷம் செப்டம்பரில் வழங்கத் தொடங்கினார்களே, அந்தத் திட்டத்தில் வந்தது. கொழுந்தன் பெரியது வாங்கித் தருகிறேன் என்று சொல்லியும் மாமா அதை மாற்றவில்லை.

இன்று உள்ளி உரித்துக்கொண்டே கேட்டேன், சீரியல் பார்க்காமல் கஷ்டமாக இருக்கிறதா என்று.

“கதைக்காகவா பாக்கோம்? எல்லாம் ஒரே கதைதான். மறுநாள் குழாயடில நாலு பேர்ட்ட பேசணும்லா. அந்த மாமியார்காரி இப்படிப் பண்ணிட்டாளேன்னு அவிய சொல்ல, நாம சொல்ல... அதுக்குத்தான்.”

டி.வி. ஆட்களைப் பேசவிடாமல் செய்கிறது என்று இத்தனை வருஷமாக நான் நம்பியிருக்கிறேன். பிள்ளைகள் விஷயத்தில் இன்னமும் அதுதான் என் எண்ணம். அத்தைக்கோ அதுதான் பேச்சுக்கே விறகு. தெருவில் யாரையும் தெரியாத புது ஊரில், பேச்சைத் தொடங்க அவர்களிடம் இப்போது எதுவும் இல்லை.

30 ஜூன் 2024, ஞாயிறு

நேற்று ராத்திரி உலகக் கோப்பை இறுதி ஆட்டம். இவருக்குக் கிரிக்கெட் என்றால் உயிர். பக்கத்து வீட்டு டீச்சரம்மா எல்லோரையும் கூப்பிட்டிருந்தார். அத்தையும் வந்தார்கள். எட்டு மணிக்கு ஆரம்பித்த ஆட்டம், முடியும்போது அந்த வீட்டில் உட்கார இடமில்லை. தென்னாப்பிரிக்காவுக்கு 30 பந்தில் 30 ரன் என்று வந்தபோது எல்லாம் போச்சு என்று எழுந்தவர்களை டீச்சரம்மா அதட்டி உட்கார வைத்தார். கடைசி ஓவரின் முதல் பந்தில், எல்லைக்கோட்டில் சூர்யகுமார் பந்தை மேலே போட்டு, வெளியே போய், திரும்ப உள்ளே வந்து பிடித்தாரே! அத்தைக்குக் கிரிக்கெட் தெரியாது. ஆனாலும் கத்தினார்கள். 7 ரன்னில் ஜெயித்தோம்.

திரும்பி வரும்போது அத்தைக்குப் பழைய ஞாபகம் வந்துவிட்டது. சென்னைக்குத் தூர்தர்ஷன் 1975-லேயே வந்துவிட்டது, ஆனால் அது தெற்கே எங்கள் பக்கம் எட்டவில்லை. 1982-ல் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியதும், கடலைத் தாண்டி அந்தப் படம்தான் முதலில் இங்கே தெரிந்தது. உயரமான குழாயில் ஆண்டெனாவை ஏற்றி, கிழக்கே திருப்பி வைப்பார்கள். ஊரில் ஒரு வீட்டில்தான் பெட்டி. காற்றடித்தால் படம் போய்விடும், ஒரு ஆள் மாடியில் நின்று குழாயைத் திருப்ப, கீழேயிருந்து “வந்துட்டு, வந்துட்டு” என்று சத்தம் போடுவார்களாம். சிங்களம் ஒரு வார்த்தை புரியாமலே பார்த்திருக்கிறார்கள். அத்தைக்கு அது புதுக் கல்யாணமான காலம். “அம்புட்டுப் பேரும் தரையில நெருக்கிக்கிட்டு உக்காந்திருப்போம். கடலை அவிச்சு ஆளுக்கு ஒரு கை குடுப்பாவ.”

14 ஜூலை 2024, ஞாயிறு

இவர் சாப்பிடும்போது ஒரு செய்தி சொன்னார். ஐஸ்லாந்தில் 1966-ல் டி.வி. வந்தபிறகும் வெகுகாலம் வியாழக்கிழமைகளில் ஒளிபரப்பே கிடையாதாம். 1987-ல்தான் அந்த வழக்கத்தை விட்டார்கள். 1983 வரை ஜூலை மாதம் முழுக்கவும் ஒளிபரப்பு இல்லை. நம் பக்கத்திலும் மகாராஷ்டிரத்தில் சாங்லி மாவட்டத்து மோஹித்யாஞ்சே வட்காவ் என்ற கிராமத்தில், 2022 முதல் சாயங்காலம் ஏழு மணிக்குக் கோயிலில் சைரன் ஒலித்ததும் ஊரே டி.வி.யையும் போனையும் அணைத்து வைக்கிறது. ஒன்றரை மணி நேரம் பிள்ளைகள் படிக்க, பெரியவர்கள் பேச. எனக்குக் கேட்கவே ஆசையாக இருந்தது.

அத்தை கவனமாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்கள்: “அங்க ஊருக்கே இல்ல. இங்க எனக்கு மட்டுந்தான இல்ல?”

ராத்திரி முழுக்க அந்தக் கேள்வியோடுதான் படுத்திருந்தேன். ஊரே அணைத்தால் தெருவில் ஆள் இருக்கும், திண்ணையில் பேச்சு இருக்கும். ஒரு வீடு மட்டும் அணைத்தால், அந்த வீட்டில் இருக்கும் ஆட்கள்தான் அந்த நேரத்தை நிரப்ப வேண்டும். நான் ஆபீஸிலிருந்து வந்து அடுப்படியில், இவர் கடைக்கணக்கில், பிள்ளைகள் பாடத்தில். டி.வி. வேண்டாம் என்று நாங்கள் வைத்த முடிவுக்கு விலை கொடுப்பது அத்தைதான்.

9 ஆகஸ்ட் 2024, வெள்ளி

ஏழு மணி ஆனால் எங்கள் இரண்டு போன்களும் பீரோ மேலே போய்விடுகின்றன. இது பிள்ளைகளுக்காக மட்டும் இல்லை. டி.வி. இல்லை என்று சொல்லிக்கொண்டு ஆளுக்கொரு போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் வீடுகள் எனக்குத் தெரியும். பெட்டியையாவது நாலு பேர் சேர்ந்து பார்ப்பார்கள்.

ஊரிலிருந்து குருத்தோலை வந்திருக்கிறது. அத்தை ஈர்க்கைக் கிழித்து எடுத்துவிட்டு, ஓலையை ஒரே அளவாக வகிர்ந்து, மகளுக்குக் கொட்டான் என்கிற சின்ன ஓலைப்பெட்டி முடையச் சொல்லிக் கொடுக்கிறார்கள். “ஏட்டி, இறுக்கிப் பிடி. விட்டா வாய் கோணிரும்.” மூலை மடிக்கிற இடத்தில் அவளுக்கு ஓலை விரிந்து விரிந்து போகிறது. அழுகை வந்தாலும் விடமாட்டேன் என்கிறாள்.

எட்டு மணிக்கு அத்தை டீச்சரம்மா வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஒரே ஒரு சீரியல். முடிந்து அரை மணி நேரம் அதைப் பற்றிப் பேச்சு. வரும்போது முகம் தெளிவாக இருக்கிறது.

6 செப்டம்பர் 2024, வெள்ளி

கொழுந்தன் தூத்துக்குடியிலிருந்து போன் பண்ணினார். தீபாவளிக்கு 43 அங்குல டி.வி. வாங்கி அனுப்புகிறேன், அம்மாவை இப்படி வைத்திருக்கலாமா என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. இவர் போனை அத்தையிடம் கொடுத்தார்.

“அனுப்பாத. அங்க வந்தா பாத்துக்கிடுதேன். இங்க அந்த டீச்சரம்மா ஒத்தைக்கு ஒத்தையா இருக்காவ. நான் போவலன்னா அவியளுக்கு யாரு?”

டீச்சரம்மா தனியாக இருக்கிறார் என்பது எனக்கு மூன்று வருஷமாகத் தெரியும். ஒரு நாளும் எட்டு மணிக்கு நான் அந்தக் கதவைத் தட்டியதில்லை.

6 அக்டோபர் 2024, ஞாயிறு

டீச்சரம்மா தன் மகளின் பிரசவத்துக்குச் சென்னை போகிறார், வர இரண்டு மாதம் ஆகலாம். அத்தையிடம் சாவியைக் கொடுத்து, எட்டு மணிக்குத் திறந்து தாராளமாகப் பாருங்கள் என்று சொல்லியிருக்கிறார். அத்தை சாவியை வாங்கி என்னிடம் தந்துவிட்டார்கள். தனியாக உட்கார்ந்து பார்க்க அவர்களுக்கு இஷ்டமில்லை.

இவரோடு உட்கார்ந்து பேசினேன். சமையலைக் காலையிலேயே பாதி முடித்து வைப்பது, கடைக்கணக்கை அவர் ஒன்பது மணிக்குத் தள்ளுவது. எட்டிலிருந்து ஒன்பது வரை இரண்டு பேரும் அத்தையோடு இருப்பது. சீரியல் பார்க்க வேண்டுமென்றால் சாவியோடு நான் கூடப் போவேன், சின்னவனை இவர் தூங்க வைப்பார். கதை எதுவரை வந்திருக்கிறது என்று அத்தை எனக்கு முதலிலிருந்து சொல்லியாக வேண்டும். இன்று சாப்பாட்டுக்கு மேல் தொடங்கினார்கள். இன்னும் முதல் கல்யாணமே முடியவில்லை.