மஸ்டரில் ஹெல்பர்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் சூப்பர்வைசராக இருந்தேன். அப்போது ஆம்பூர் வேலூர் மாவட்டம். திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போனது 2019இல்தான். காலையில் பேரணாம்பட்டு, மாதனூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வேன் வேனாகப் பெண்கள் வந்து இறங்குவார்கள். அவர்களில் ஒருவர்தான் அந்த அக்கா. மஸ்டரில், அதாவது கம்பெனியின் வருகைப் பதிவேட்டில், ஹெல்பர். வெட்டிய பீஸ்களைக் கட்டுக் கட்டாகத் தையல் லைனுக்குக் கொண்டுபோக வேண்டும், கழிவுத் துண்டுகளைக் கூட்டி அள்ள வேண்டும். ஒன்றரை வருஷம் என் கண் முன்னால் நடந்தவரிடம் "சீக்கிரம்மா" என்பதைத் தவிர வேறெதுவும் பேசியதாக நினைவில்லை.

ஒரு நாள் கட்டைத் தூக்கப் போனவர், அதிலிருந்து ஒரு வேம்பை மட்டும் உருவித் தனியே வைத்தார். வேம்ப் என்றால் ஷூவில் கால்விரல்களை மூடுகிற முன்பாகம். எதற்கு என்று கேட்டேன், கொஞ்சம் கோபமாகவே.

"இது வயித்துப் பக்கம் சார். இழுக்கும்."

தோலின் மேல்பக்கம் உள்ளே போகிற மாதிரி மடித்து, கட்டைவிரலால் அழுத்திக் காட்டினார். தடித்தடியாகச் சுருக்கம் விழுந்தது. பக்கத்துப் பீஸை எடுத்து அதே மாதிரி மடித்தார். மயிரிழை மாதிரி மெல்லிய கோடுகள்தான்.

தோலில் முதுகுப் பக்கம் இறுக்கமாக இருக்கும், வயிற்றுப் பக்கம் தளர்வு. முதுகெலும்பு ஓடுகிற வாக்கில் இழுத்தால் அவ்வளவாக நீளாது, குறுக்கே இழுத்தால் நீளும். அந்த இறுக்கமான வாக்கு ஷூவின் நீளவாக்கில் வருகிற மாதிரி வேம்பை வெட்ட வேண்டும். இல்லையென்றால் லாஸ்டில், அதாவது கால் வடிவ அச்சில், ஏற்றும்போதே வடிவம் கெடும். வயிற்றுத் தோலை, ஷூவின் நாக்கு போல அதிகம் இழுபடாத பாகங்களுக்கு வைத்துக்கொள்ளலாம். புதிதாக வரும் கட்டருக்கு இது கைவர மாதக்கணக்கில் ஆகும். அக்காவின் அப்பா பேரணாம்பட்டில், தோல் பதனிடும் டேனரியில் தரம் பிரித்தவராம். சின்ன வயதில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாராம். "எங்கப்பா கண்ணால பாக்கமாட்டாரு சார், தடவித்தான் பாப்பாரு."

செக்கிங்குக்கு மாற்றுங்கள் என்று ஆபீசில் கேட்டேன். பத்தாவது பாஸ் வேண்டும் என்றார்கள். அக்கா எட்டாவது. வேலைக்குச் சேரும்போது எழுதிக் கொடுக்கிற படிவத்தில் படிப்பைக் கேட்கிறார்கள். உனக்கு என்ன கைவேலை தெரியும் என்று ஒரு வரி கேட்பதில்லை. அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

சரி, ஒரு வாரம் என் பொறுப்பில் உட்காரட்டும் என்று சொல்லி மேசையில் உட்கார வைத்தேன். லாஸ்டிங்கிலிருந்து திரும்பி வருகிற பீஸ் குறைந்துபோனது. அந்த வாரக் கடைசியில் லாஸ்டிங் மாஸ்டரே வந்து, "இப்ப யாருப்பா செக் பண்றது?" என்று விசாரித்தார். கைகாட்டினேன். அக்கா தலையைக்கூட நிமிர்த்தவில்லை, அடுத்த பீஸை மடித்துக்கொண்டிருந்தார்.

மேசை நிலைத்தது. சம்பளமும் அப்புறம் கொஞ்சம் ஏறியது. மஸ்டரில் மட்டும், நான் அங்கிருந்து கிளம்பிய நாள் வரை ஹெல்பர் என்றே இருந்தது. மாற்றச் சொல்லி இரண்டு தடவை கேட்டேன். மூன்றாவது தடவையும் கேட்டிருக்க வேண்டும்.