ஏழு முரசும் ஒரு பகடையும்

ஜூலை 6, 2025, ஞாயிறு

பெங்களூரு காக்ஸ் டவுனில் அண்ணன் வீட்டு மாடியில் இன்று மறுபடியும் ஜீலம் நதிக்கரை. கி.மு. 326. போரஸ் பக்கம் நான், அலெக்சாண்டர் பக்கம் ஒயிட்ஃபீல்டிலிருந்து வரும் தம்பி. போரஸ் தோற்றான், ஆனால் லேசில் தோற்கவில்லை.

புதிதாக வாசிப்பவர்களுக்காக ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். பழங்காலப் போர்களை மேசைமேல் சின்னப் பொம்மைகளை வைத்து ஆடுவது எங்கள் ஞாயிற்றுக்கிழமை வழக்கம். பொம்மை உயரம் 15 மி.மீ. மூன்று நான்கு பேரை 40 மி.மீ. அகலமுள்ள ஒரு தட்டில் ஒட்டினால் அது ஒரு பிரிவு. ஒரு படைக்கு 12 பிரிவு, 60 செ.மீ. சதுரப் பலகை போதும். நாங்கள் அதிகம் ஆடுவது டி.பி.ஏ. விதிகளை, 1990-இல் இங்கிலாந்தில் வெளிவந்தவை. உங்கள் முறை வந்ததும் ஒரு பகடை உருட்ட வேண்டும். ஆறு விழுந்தால் ஆறு கட்டளை, ஒன்று விழுந்தால் ஒன்றே ஒன்று. இதற்குப் பெயர் ‘பிப்’. வரிசை குலையாமல் ஒட்டி நிற்கும் பிரிவுகளை ஒரே பிப்பில் மொத்தமாக நகர்த்தலாம். வரிசை உடைந்தால் ஒவ்வொன்றும் தனித்தனியாக ஒரு பிப் கேட்கும். ஒரு தளபதிக்கு எது கடினம் என்பதை இந்த ஒற்றைப் பகடையில்தான் நான் கற்றுக்கொண்டேன். எதிரியை அடிப்பதைவிட, தன் சொல் தன் ஆட்களிடம் நேரத்துக்குப் போய்ச் சேருவது கடினம்.

போரஸ் யானையை நம்பிக் கெட்டான் என்று சொல்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. கிரேக்க வரலாற்றாசிரியர் அரியன் கணக்கில் அவனிடம் 200 யானை, 300 தேர். ஆனால் ஆற்றின் எதிர்க்கரையில் தன் தளபதி கிராட்டெரஸை ஒரு படையோடு நிறுத்திவிட்டு, இடியும் மழையுமாக இருந்த இரவில் அலெக்சாண்டர் வெகுதூரம் மேலே போய்க் கடந்தான். எது நிஜமான கடப்பு, எது பாவனை என்று போரஸுக்கு எப்படித் தெரியும்? முதலில் அனுப்பிய தேர்கள் சேற்றில் மாட்டின. பெரிய வில்லின் நுனியைத் தரையில் ஊன்றி இடது காலால் மிதித்து நாணிழுக்கும் வில்லாளிகளுக்கு அன்று வழுக்கும் தரை. யானை கால் எடுத்து வைக்கும் முன்பே அவனுடைய பிப் தீர்ந்துவிட்டது.

டீ குடிக்கும்போது அக்கா கேட்டார்: “எப்பப் பார்த்தாலும் கிரேக்கரும் ரோமரும்தானா? நம்ம தலையாலங்கானத்தை ஏன் இன்னும் ஆடலை?” பாண்டியன் நெடுஞ்செழியன் ஏழு பேரை எதிர்த்து வென்ற சங்ககாலப் போர் அது. யாருக்கும் உடனே பதில் வரவில்லை.

ஜூலை 9, புதன்

டி.பி.ஏ. படைப்பட்டியலில் தமிழருக்கு இடம் இருக்கிறது, சிங்களப் படையோடு சேர்த்து. ஆனால் அந்த ஒரே பட்டியல் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நீள்கிறது. நெடுஞ்செழியனுக்கும் ராஜேந்திரனுக்கும் ஒரே படையா? எனக்குச் சம்மதமில்லை. சங்கப் பாட்டிலிருந்தே பட்டியல் போடலாம் என்றேன். அண்ணன், “சரி, நீயே எடுத்துட்டு வா” என்றார்.

ஜூலை 13, ஞாயிறு

அல்சூர் ஏரிக்கரையில் தமிழ்ச் சங்க நூலகத்தில் காலை முழுக்க உட்கார்ந்தேன். புறநானூறு, அகநானூறு, தொல்காப்பியப் புறத்திணையியல். இத்தனை ஆண்டுகளாக இவற்றைப் பாட்டாகவே படித்திருக்கிறேன். இன்று ஒரு போர் விளையாட்டுக்காரனாகப் படித்தபோது எவ்வளவு தகவல் கிடைக்கிறது!

தலையாலங்கானத்தில் பாண்டியன் நெடுஞ்செழியனை எதிர்த்தவர்கள் ஏழு பேர். அகநானூறு 36-இல் நக்கீரர் ஏழு பேரையும் வரிசையாகச் சொல்கிறார்: சேரல், செம்பியன் (சோழன்), திதியன், எழினி, எருமையூரன், இருங்கோவேண்மான், பொருநன். வெறும் பெயராகச் சொல்லவில்லை. எழினியைச் சொல்லும்போது போர்வல் யானை வருகிறது. பொருநனைச் சொல்லும்போது இயல்தேர் வருகிறது. அப்படியானால் கூட்டணியின் யானையை எழினிக்கும் தேரைப் பொருநனுக்கும் கொடுத்துவிடலாம். ஆங்கிலேயர் எழுதிய எந்தப் பட்டியலிலும் எனக்கு இவ்வளவு தெளிவு கிடைத்ததில்லை.

அதே பாட்டில் வெற்றி நிபந்தனையும் இருக்கிறது. பாண்டியன் ஒரே பகலில் எழுவரின் முரசையும் வெண்குடையையும் கைப்பற்றினான். ஆகவே ஆட்டத்தில் பிரிவுகளை எண்ண வேண்டாம், முரசுகளை எண்ணலாம்.

புறநானூறு 72-இல் அவனே பேசுகிறான். ‘இவன் சின்னப் பையன், எங்களிடம் யானையும் தேரும் குதிரையும் மறவரும் உண்டு’ என்று எதிரிகள் சொன்னது அவனைச் சுட்டிருக்கிறது. 77-இல் இடைக்குன்றூர் கிழார் அவனைத் தேர்மேல் நிறுத்திக் காட்டுகிறார். காலிலிருந்த கிண்கிணியைக் கழற்றிவிட்டுக் கழல் அணிந்திருக்கிறான். தலையில் வேம்பின் தளிரும் உழிஞைக் கொடியும். கழுத்தில் குழந்தைப் பருவத்துத் தாலி இன்னும் இருக்கிறது. பாலை விட்டு இன்றுதான் சோறு உண்டிருக்கிறான். அந்த வயதில் ஒரு பிள்ளை ஏழு கொடிகளுக்கு முன் நின்றான் என்று படித்தபோது புத்தகத்தைக் கொஞ்ச நேரம் மூடி வைத்துவிட்டேன்.

பிறகு 79. எதிரிகள் பலர், ‘பகல் தவச் சிறிதே’ என்கிறார் அதே புலவர். பகலோ மிகவும் சிறியது, அதற்குள் எல்லோரையும் முடித்துவிடுவானா, சிலர் மிஞ்சிவிடுவார்களா என்பது அவர் கேள்வி. ஆட்டத்துக்கு எத்தனை சுற்று வைப்பது என்று நான் குழம்பிக்கொண்டிருந்தேன். பத்து சுற்று, அதோடு இருட்டிவிடும் என்று எழுதிக்கொண்டேன்.

ஜூலை 20, ஞாயிறு

பெயின்ட் வாரம். மழை விட்டபாடில்லை. ஈரக்காற்றில் ஸ்பிரே பிரைமர் அடித்தால் பொம்மை மேல் மணல் தூவியதுபோல் ஆகிவிடும். அதனால் எல்லாவற்றுக்கும் பிரஷ்ஷால் தடவும் பிரைமர்தான்.

பலகையின் மறுமுனையிலிருந்து பார்க்கும்போது எந்தப் பிரிவு யாருடையது என்று தெரிய வேண்டும். எங்கள் ஆட்டத்தில் இது பெரிய விஷயம். அதையும் தொல்காப்பியர் தீர்த்துவைத்துவிட்டார். சேரன் படைக்குப் பனம்பூ, பாண்டியனுக்கு வேம்பு, சோழனுக்கு ஆத்தி. யார் படை என்று அறிய மறவர் சூடிய பூக்கள். களத்தில் அவர்களுக்கு இருந்த அதே தேவை எங்களுக்கும் இருக்கிறது, அதே விடை போதும். மீதி ஐவருக்கு, அதாவது குறுநிலத் தலைவர்களான வேளிருக்கு, மட்டும் கேடயத் தோலின் நிறத்தை மாற்றிக்கொண்டோம்.

வேப்பந்தளிரை எல்லோரும் பச்சையாக அடிக்கக் கிளம்பினார்கள். அக்கா தடுத்தார். தெருமுனை வேப்பமரத்திலிருந்து ஒரு கொத்து பறித்து வந்து காட்டினார்: இளந்தளிர் செம்பு நிறம். அடர்பழுப்பு அடித்து, அதன்மேல் செம்பு கலந்த சிவப்பை நுனியில் மட்டும் வைத்தால் 15 மி.மீ. தலையில்கூட அது தளிராகவே தெரிகிறது. இளைய அரசனின் உருவம் கடையில் கிடைக்காது. தம்பி கணினியில் வடித்து ரெசினில் அச்செடுத்து வந்தான். கழலுக்குப் பொன்னிறத்தில் ஒரு புள்ளி, கழுத்துத் தாலிக்கு ஒன்று. மூன்று சைபர் பிரஷ், மூச்சைப் பிடித்துக்கொண்டு அக்காதான் வைத்தார். குண்டூசியில் வட்டக் காகிதம் ஒட்டி ஏழு வெண்குடை செய்தாயிற்று.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

முதல் ஒத்திகை. பாண்டியனுக்கு 12 பிரிவு, கூட்டணிக்கு 24. ஏழு தலைவருக்கும் ஆளுக்கொரு பகடை.

சரிப்படவில்லை. காரணம் எளிய கணக்கு. ஒரு பகடையின் சராசரி மூன்றரை. ஏழு பகடை என்றால் சுற்றுக்கு இருபத்து நான்கு பிப்புக்கு மேல். 24 பிரிவும் விரும்பியபடி ஓடிவந்து பாண்டியனைச் சுற்றிக்கொண்டன. தலைவர்கள் கூடக் கூடப் படை இன்னும் சுறுசுறுப்பாகிறது! எந்தக் கூட்டணியும் உலகத்தில் அப்படிப் போரிட்டதில்லை.

ஒரே பகடை கொடுத்துப் பார்த்தோம். அப்போது ஏழு பேரும் ஒரே மனிதனாகிவிடுகிறார்கள். புறநானூறு 76 வியப்பதே இதைத்தான்: ஒருவனை ஒருவன் வெல்வது புதிதல்ல, ஒருவனை எழுவர் கூடி எதிர்த்ததும் அவன் வென்றதும்தான் புதிது. அந்த ‘எழுவர்’ மேசைமேல் வர வேண்டும்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இன்று மெட்ரோ மஞ்சள் தடம் திறப்பு. பிரதமர் வருகை, ஊரில் பல சாலைகளில் போக்குவரத்து மாற்றம். கூடவில்லை. ஆனால் இரவு அண்ணன் போனில் ஒரு யோசனை சொன்னார், அதுதான் வழி என்று படுகிறது. கூட்டணிக்கு மொத்தம் இரண்டு பகடை. வரும் பிப்பை ஏழு படைக்கும் எப்படிப் பங்கிடுவது என்று அதை ஆடுபவர்களே பேசி முடிக்க வேண்டும், அரை நிமிட மணற்கடிகாரம் தீர்வதற்குள். முடிவு வராவிட்டால் அந்தச் சுற்றின் பிப் போச்சு. அண்ணன் கோலார் தங்கவயலில் தொழிற்சங்கம் பார்த்து வளர்ந்தவர். பத்துப் பேரை ஒரு முடிவுக்குக் கொண்டுவருவது எப்படிப்பட்ட வேலை என்று அவருக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆடிவிட்டோம். இதைவிட நல்ல ஆட்டம் எங்கள் மேசையில் நடந்ததாக நினைவில்லை.

எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து மைசூர் நண்பர் புதுத் தடத்திலேயே வந்தார். ஆர்.வி. ரோட்டிலும் மெஜஸ்டிக்கிலும் மாறி அல்சூரில் இறங்கி, சொன்ன நேரத்துக்கு முன்பே மாடியில். எருமையூரன் மைசூர்ப் பக்கத்துத் தலைவன் என்று பலர் கருதுகிறார்கள் என்று அவரிடம் முன்பே சொல்லியிருந்தேன். “அப்போ அவரு எனக்குத்தான்” என்று எடுத்துக்கொண்டார். சேரன், எழினி, திதியன் அண்ணனிடம். சோழன், இருங்கோவேண்மான், பொருநன் தம்பியிடம். பாண்டியன் அக்கா. நான் நடுவர்.

களம்: போர் நடந்தது திருவாரூர் மாவட்டத்துத் தலையாலங்காட்டில் என்று கொண்டு, நடுவில் இரண்டு பெரிய சேற்று வயல்கள் வைத்தேன். சேற்றுக்குள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போக முடியும், அகல வரிசை உடைந்துவிடும்.

முதல் இரண்டு சுற்று கூட்டணி அழகாக வந்தது. மூன்றாவதில் இரண்டு பகடையிலும் சேர்த்து நாலுதான் விழுந்தது. எழினியின் யானையை முன்னே தள்ள அண்ணன் இரண்டு கேட்டார். தன் வரிசை சேற்றில் பிரிந்து நிற்கிறது, மூன்று வேண்டும் என்றான் தம்பி. “யானை போனா வழி தானா திறக்கும்டா.” “என் ஆளுங்க அதுக்குள்ள செத்துருவாங்கண்ணா.” மணல் தீர்ந்தது. நாலு பிப்பும் போச்சு. அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் உருட்டியதும் இரண்டுதான். ஆனால் அவர் 12 பிரிவையும் தோளோடு தோள் நிறுத்தியிருந்தார். ஒரு பிப்பில் மொத்த வரிசையும் ஒரு முழு நகர்வு நகர்ந்து சேரனுக்கும் சோழனுக்கும் இடையிலிருந்த வெளியில் நுழைந்தது.

அங்கே தேர்மேல் நின்ற பிள்ளைதான் முதலில் மோதியது. இருவரும் பகடை உருட்டித் தத்தம் பலத்தைக் கூட்ட வேண்டும். எதிரியின் கூட்டுத்தொகையில் பாதியோ அதற்குக் கீழோ வந்தால் பெரும்பாலும் அழிவு. இருங்கோவேண்மான் சரியாகப் பாதியில் விழுந்தான். முதல் முரசு.

எருமையூரன் வலப்பக்க ஓரத்தை விட்டு அசையவே இல்லை. அண்ணன் கேட்டார், கெஞ்சினார், கடைசியில் கத்தினார். மைசூர் நண்பர் நிதானமாகச் சொன்னார்: “நான் எதுக்கு சார் முன்னாடி போகணும்? இன்னிக்கு சோழர் ஜெயிச்சா, நாளைக்கு என் ஊருக்குத்தானே வருவாங்க?” அவருக்கு நான் எந்த ரகசியக் கட்டளையும் கொடுக்கவில்லை. அந்த இடத்தில் உட்கார்ந்ததும் அவருக்கே அப்படித் தோன்றியிருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் எழுவரின் பாசறையில் என்ன பேசியிருப்பார்கள் என்று எந்தப் பாட்டும் சொல்லவில்லை. ஆனால் ஏழு படை ஒரு படையிடம் தோற்க வேண்டுமென்றால் இப்படியொரு பேச்சு அங்கே நடந்திருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

யானை கடைசியாகக் கிளம்பியபோது பாண்டிய வரிசை ஏற்கெனவே திரும்பி நின்றது. பொருநனின் தேர் சேற்றோரத்தில் அகப்பட்டது, இரண்டாவது முரசு. எட்டாம் சுற்றில் சேரன். புறநானூறு 17 சொல்லும் ஒரு சேரன், மாந்தரஞ்சேரல் இரும்பொறை, இதே பாண்டியனிடம் பிடிபட்டு, குழியில் விழுந்த களிறு கரையை இடித்து வெளியேறியதுபோல் தப்பியவன். அதனால் சேரன் பிடிபட்டால் ஐந்தோ ஆறோ உருட்டித் தப்பலாம் என்று ஒரு விதி வைத்திருந்தேன். அண்ணன் உருட்டினார், ஆறு! மாடியே அதிர்ந்தது. ஆள் தப்பினாலும் முரசும் குடையும் அக்கா கையில்.

பத்தாம் சுற்று முடிந்தபோது முரசு மூன்று. நான்கு வேண்டும் என்பது விதி. நான்காவது, செம்பியனுடையது, ஒரு நகர்வு தூரத்தில் நின்றது. இருட்டிவிட்டது. அக்கா பலகையைப் பார்த்துக்கொண்டே, “பகல் தவச் சிறிதே” என்றார்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஆட்டத்தை எப்படி முடித்து வைப்பது என்று வாரம் முழுக்க வாட்ஸப்பில் பேச்சு. பத்தைப் பன்னிரண்டாக்கலாம் என்றான் தம்பி. அக்கா ஒத்துக்கொள்ளவில்லை: “பகல் நீளாது. அடுத்த நாள்னு ஒண்ணு இருக்குல்ல?” அவர் கையில் புறநானூறு 78. தோற்று ஓடியவர்களை அவன் விடவில்லை, அவர்களுடைய ஊர்வரை கிணைப்பறை ஒலிக்கத் துரத்திச் சென்று அங்கே வைத்து அழித்தான்.

ஆகவே இரண்டாம் நாளையும் ஆடப்போகிறோம். முதல் நாளில் மிஞ்சிய பிரிவுகள் மட்டும் இறங்கும். சிதறிய கூட்டணியில் ஒவ்வொருவரும் தன் ஊர் விளிம்பை அடைந்துவிட்டால் தப்பித்தார்கள். இப்போது பிப்பைப் பங்கிடும் பேச்சு எப்படி மாறும் என்று பார்க்க ஆவலாக இருக்கிறது. மைசூர் நண்பரின் எருமையூரன் ஒரு பிரிவுகூட இழக்காமல் ஓரத்தில் நிற்கிறான். அவன் வழிவிட்டால்தான் சேரன் மேற்கே போக முடியும். இதைக் கவனித்த அண்ணன் இன்றே அவருக்கு போன் செய்ய ஆரம்பித்துவிட்டார்.

27-ஆம் தேதி பிள்ளையார் சதுர்த்தி. அந்த விடுமுறையை ஒட்டி 31-ஆம் தேதி ஞாயிறன்று பாதிப் பேர் ஊரில் இருக்க மாட்டார்கள். செப்டம்பர் 7, காலை பத்து மணி, அதே மாடி. சேற்று வயல் ஒன்று குறைத்து ஒரு ஆறு சேர்க்க வேண்டும். அதற்கு நீல ரெசின் தம்பி வாங்கி வருகிறான்.