நின்ற பத்மினியை ஓடவைத்த கதை

பல ஆண்டுகள் நின்ற கார் கிளம்பவில்லை என்றால் எல்லோருடைய கையும் முதலில், பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் கார்புரேட்டருக்குத்தான் போகும். ராயபுரத்தில் பெரியப்பா வீட்டுக் கொட்டகையில் நின்றிருந்த பிரீமியர் பத்மினிக்கும் தெருவே கூடி அதைத்தான் சொன்னது. 1089 சி.சி., நான்கு சிலிண்டர், கணினி என்று எதுவும் கிடையாது. காற்றும் பெட்ரோலும் தீப்பொறியும் நேரத்துக்குச் சேர்ந்தால் ஓடியாக வேண்டும். அந்த எளிய எஞ்சின் எங்களைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல.

தண்டையார்பேட்டையிலிருந்து வந்த மெக்கானிக் பாய், முதல் வேலையாகச் சாவியை வாங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "பேட்டரி போட்டதும் திருப்பிப் பார்க்கத் தோன்றும், தம்பி. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் சிலிண்டரோடு ஒட்டியிருந்தால் உள்ளே கீறிவிடும்" என்றார். நான்கு பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் கொஞ்சம் எஞ்சின் ஆயில் விட்டு இரவு முழுக்க ஊறவைத்தோம். மறுநாள் டாப் கியரில் போட்டு மெல்லத் தள்ளினோம். முதலில் அசையவில்லை, பிறகு ஒரு முனகலோடு எஞ்சின் சுழன்றது. ஆயில் கறுத்திருந்ததே தவிர பால்போல் வெளுக்கவில்லை. தண்ணீர் இறங்கவில்லை என்று தெரிந்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. எங்கள் பக்கம் மழைக்காலத்தில் எதுவும் நடக்கும்.

அடுத்து தீப்பொறி. பிளக்குகளுக்கு முறை வைத்து மின்சாரம் அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்தால், தொட்டும் விலகியும் பொறியை உண்டாக்கும், மிளகளவு இருக்கும் இரண்டு பாயின்ட் முனைகளிலும் சாம்பல் நிறத்தில் பூத்திருந்தது. கடற்காற்றின் வேலை. நுண்ணிய உப்புத்தாளை மடித்து இடையில் விட்டு இரண்டு இழுப்பு, பெட்ரோல் தொட்ட துணியால் ஒரு துடைப்பு, தூசி போக ஒரு விசிட்டிங் கார்டு. பொறி வந்தது, ஆனால் மஞ்சளாக, மெலிந்து. ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் வாங்கிய புதிய கண்டன்சரை (பாயின்ட்டோடு சேர்ந்து வேலை செய்யும் சிறு மின்தேக்கி) மாட்டியதும் நீலமாகச் சடசடத்தது.

சிலிண்டர்களுக்குள் உருவாகும் அழுத்தத்தை, அதாவது கம்ப்ரெஷனைப் பார்த்தபோது மூன்றாம் சிலிண்டர் மட்டும் மற்றவற்றின் பாதிதான் காட்டியது. அதில் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி பார்த்தார். ஏறியிருந்தால் ரிங் கோளாறு. ஏறாததால் வால்வு என்றார். மேல்மூடியைக் கழற்றினால், ஒரு வால்வு முழுதாக மூடாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. துரு இளக்கும் எண்ணெய் ஊற்றி, சுத்தியல் கைப்பிடியால் தட்டித் தட்டியே அதை வழிக்குக் கொண்டுவந்தார். கார்புரேட்டரையும் கழற்றி, பெட்ரோல் போகும் நுண்துளைகளான ஜெட்டுகளை ஊதிச் சுத்தம் செய்தோம். அதில் பிசின்போல் பழைய பெட்ரோல் இருந்தது உண்மைதான்.

வண்டி ஓடியது. பிரேக் வேலையையும் முடித்துவிட்டுத் தெருவில் இறக்கினால், கொஞ்ச தூரத்தில் இருமி இருமி நின்றுவிடும். சற்று நேரம் விட்டால் ஒன்றும் தெரியாததுபோல் கிளம்பும். கல்மண்டபம் அருகே நின்றபோது பின்னால் வந்த கன்டெய்னர் லாரிக்காரர் அடித்த ஹாரன் இன்னும் காதில் இருக்கிறது. பொறிக்கு மின்னழுத்தத்தைக் கூட்டித் தரும் காயில் சூடேறுகிறது என்றார் ஒருவர், ஏர் லாக், பெட்ரோல் குழாயில் காற்று அடைத்திருக்கிறது என்றார் இன்னொருவர். புதுக் காயிலையும் புதுப் பெட்ரோல் பம்பையும் சேர்த்தே வாங்கிவிடலாம் என்றேன். "இரண்டையும் ஒன்றாக மாற்றினால் எது கெட்டதென்று எப்படித் தெரியும்?" என்று பாய் மறுத்துவிட்டார்.

கொட்டகையிலேயே வேகத்தைக் கூட்டி ஓடவிட்டோம், அங்கேயும் நின்றது. நின்ற நொடியில் பொறியைப் பார்த்தார்: நீலம். காயில் தப்பித்தது. கார்புரேட்டருக்கு வரும் குழாயைப் பிடுங்கிவிட்டு எஞ்சினைச் சுழற்றினால் பெட்ரோல் பீய்ச்சவில்லை, எச்சில்போல் வடிந்தது. டேங்க் மூடியைத் திறந்தபோது காற்று உள்ளிழுக்கும் ஓசை இல்லை. ஆக, மூடியின் காற்றுத் துளையும் அடைபடவில்லை. கடைசியாக, மணல் வாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு சிறு கேனிலிருந்து நேராகப் பம்புக்குப் பெட்ரோல் கொடுத்தார். எஞ்சின் நிற்கவே இல்லை. பம்பும் கார்புரேட்டரும் குற்றமற்றவை.

டேங்கை இறக்கி டார்ச் அடித்தோம். பாதி பெட்ரோலோடு நின்றிருந்ததால், காலியாக இருந்த மேல் பாதி முழுக்கச் செதில் செதிலாகத் துரு. ஓடும்போது அந்தச் செதில்கள் உறிஞ்சு குழாயின் வலையில் போய் ஒட்டி அடைக்கின்றன. எஞ்சின் நின்றதும் உறிஞ்சல் போய், உதிர்ந்து அடியில் படிகின்றன. கொஞ்சம் ஓய்வெடுத்தால் வண்டி கிளம்பியதன் மர்மம் இதுதான். பம்ப் வாங்கியிருந்தால் பணம் கடலில்தான்.

ஒரு பிடி நட்டுகளும் மண்ணெண்ணெயும் போட்டு டேங்கை உருட்டி எடுத்து, துரு நீக்கும் பாஸ்பாரிக் அமிலத்தால் கழுவி, நன்றாகக் காயவைத்தோம். ரப்பர் குழாய்கள் எல்லாவற்றையும் மாற்றினோம். இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. பழைய ரப்பர் அதற்குத் தாங்காது, ஊறிப் பிளக்கும். பம்புக்கு முன்னால் உள்ளே தெரிகிற வடிகட்டி ஒன்றையும் போட்டிருக்கிறோம். அதில் இன்னும் பழுப்புத் தூள் சேருகிறது, ஆனால் குறைந்துகொண்டே வருகிறது. டேங்கை இப்போதெல்லாம் பாதியில் விடுவதில்லை.